உங்க வீட்டுல பொறந்ததுங்க?

ஒரு பொதுத்தேர்தல் நேரம். மலேசியாவில், லுக்குட் என்ற ஊரில், எங்கள் தாமான் குடியிருப்பின் பாலாய் ராயா என்ற பொதுமண்டபத்தில் சின்னக் கூட்டம். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், பின்பக்க மேசையில் மீஹூன். பேச வந்தவர் வேட்பாளர்கூட இல்லை, வேட்பாளருக்காகப் பட்டணத்திலிருந்து வந்த பிரமுகர். தமிழர்தான். தமிழ் கேட்டால் புரியும், பேச ஆரம்பித்தால் மலாய்க்குத் தாவிவிடுவார். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவன் ஊரில் சும்மா இருக்கிறானே என்று மொழிபெயர்க்க என்னைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

அவர் தமிழ்ப்பள்ளியைக் காக்க வேண்டும் என்று அரைமணி நேரம் பேசி முடித்தார். முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது தோட்ட லயத்தை விட்டுத் தாமானுக்கு வந்தவர்.

"ஐயா, உங்க பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குதுங்க?"

பிரமுகர் சிரித்தார். நெஞ்சில் கை வைத்தார். மலாயில் ஒரே வரி சொன்னார். நான் அதைத் தமிழில் கொஞ்சம் மெருகேற்றி, "பாட்டி, இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் என் பிள்ளைதான்" என்றேன். கூட்டம் கைதட்டியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கைத்தட்டலில் பாதி எனக்குரியது.

கைத்தட்டல் ஓயட்டும் என்று நின்றுகொண்டிருந்த பாட்டி கேட்டார்: "அது சரிங்க ஐயா. உங்க வீட்டுல பொறந்ததுங்க?"

நேரமாகிவிட்டது என்று ஏற்பாட்டாளர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்தைந்து வருஷம் வகுப்பில் நன்னூல் நடத்தியவன் நான். அந்த இலக்கண நூலில் பவணந்தி முனிவர் விடையை எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார். சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரான பதில்கள். மற்ற ஐந்தும் சுற்றி வளைத்துக் குறிப்பால் உணர்த்துபவை. அவற்றில் கடைசி இனமொழி. "உனக்கு ஆடத் தெரியுமா?" என்று கேட்டால் "பாடத் தெரியும்" என்பது. கேள்விக்குப் பக்கத்து வீட்டுப் பதில். பிரமுகர் சொன்னது அதுதான். மாணவர்களிடம் அடையாளம் காணச் சொல்லி மதிப்பெண் போட்ட ஒன்றை, என் வாயாலேயே மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். பவணந்தியார் இந்த ஐந்தையும் குற்றம் என்று சொல்லவில்லை. அவையும் விடைகளே. "விளையாட வருகிறாயா?" என்றால் "கால் வலிக்கிறது" என்கிறான் பையன், வரமாட்டான் என்பது கேட்டவனுக்கு விளங்கிவிடுகிறது. விளங்காமல் போவதற்காகவே அதே உத்தியை எடுத்தாளும்போதுதான் அது அரசியலாகிறது.

கலைஞர் கருணாநிதியைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். ராசாத்தி அம்மாள் உங்களுக்கு யார் என்று சட்டமன்றத்தில் கேட்டதற்கு, "என் மகள் கனிமொழியின் தாய்" என்றாராம். சொன்னது முழு உண்மை. எதிர்பார்த்த சொல் மட்டும் அதில் இல்லை. தனக்கு என்ன உறவு என்ற கேள்வியை மகளுக்கு என்ன உறவு என்று நகர்த்திவிட்டார்.

ஜெயலலிதா 1999-இல் சிமி கரேவாலின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்தபோது பேச்சு எம்.ஜி.ஆர். பக்கம் போனது. அவர்மேல் அன்பு கொள்வது எளிதாக இருந்ததா என்ற மாதிரி ஒரு கேள்வி. அவரைச் சந்தித்த எல்லோருக்குமே அவர்மேல் பிரியம் வந்துவிடும் என்பது பதிலின் சாரம். 'நீங்கள்' என்று கேட்டதற்கு 'எல்லோரும்' என்று பதில். எங்கள் பிரமுகர் 'என் பிள்ளை'யை 'எல்லாப் பிள்ளை' ஆக்கியதும் இதே கைவேலைதான். ஆனால் ஜெயலலிதா அன்று இந்தி சினிமாப் பாட்டுகூடப் பாடினார், சிரித்தார், இளவயதில் கிரிக்கெட் வீரர் நரி கான்ட்ராக்டர் மீது இருந்த ஈர்ப்பைச் சொன்னார். சின்னச் சின்ன ரகசியங்களைத் தாராளமாகக் கொடுத்தவரிடம் பெரியதைக் கேட்டுக் குடைய யாருக்கு மனம் வரும்?

அதே ஜெயலலிதா 2004-இல் பேட்டி எடுத்த பத்திரிகையாளர் கரண் தாப்பரிடம் வேறு மாதிரி. ஜோதிட நம்பிக்கை, கட்சிக்காரர்கள் காலில் விழுவது என்று கேள்விகள் குத்தக் குத்த, கேட்பவரையே திருப்பிக் கேட்டார். முடிவில் உங்களோடு பேசியதில் மகிழ்ச்சி என்று தாப்பர் சொல்ல, எனக்கு மகிழ்ச்சியில்லை, நமஸ்தே என்று எழுந்துவிட்டார். என் கணக்கில் அந்த இரண்டு பேட்டிகளில் கோபப்பட்டதுதான் நேர்மையானது.

அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். 1952-இல் துணை அதிபர் வேட்பாளர் நிக்சன், ஆதரவாளர்கள் தந்த 18,000 டாலர் நிதி பற்றிக் கேள்வி எழுந்ததும் தொலைக்காட்சியில் தோன்றினார். வீட்டுக் கடனைச் சொன்னார், மனைவியின் சாதாரணத் துணிக் கோட்டைச் சொன்னார், பிறகு ஒருவர் தன் மகள்களுக்கு அன்பளிப்பாகத் தந்த செக்கர்ஸ் என்ற நாய்க்குட்டியைச் சொன்னார். என்ன ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்றார். நாயைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை! ஆனாலும் ஆதரவுத் தந்திகள் குவிந்தன. பதவிக்கும் வந்தார்.

1992 அதிபர் தேர்தல் விவாதத்தில் ஓர் இளம்பெண், நாட்டின் கடன் உங்களைத் தனிப்பட்ட முறையில் எப்படிப் பாதித்தது என்று கேட்டார். மூத்த புஷ் தடுமாறினார். இடையில் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் கேமராவில் விழுந்தது. கிளிண்டனோ அந்தப் பெண்ணின் பக்கம் நடந்து போய், உங்களை எப்படிப் பாதித்தது என்று திருப்பிக் கேட்டார். நன்னூல் இதற்கு 'வினா எதிர் வினாதல்' என்று பெயர் வைத்து எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தன்னைப் பாதித்ததா என்பதைவிட மற்றவர் துன்பத்தைத்தான் கிளிண்டன் அதிகம் பேசினார். பேர் வாங்கியது அவர்.

நேராகச் சொன்னவர் கதை? 1988-இல் அதிபர் வேட்பாளர் டுகாகிஸிடம், உங்கள் மனைவியை ஒருவன் கற்பழித்துக் கொன்றால் அவனுக்கு மரண தண்டனை கேட்பீர்களா என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். இல்லை என்றார். மரண தண்டனையை எப்போதும் எதிர்த்தவர் என்பதால் அது நேர்மையான பதில். உணர்ச்சியே இல்லாத மனிதர் என்று பேச்சாகிவிட்டது. அவர் தோற்றதற்கு இது ஒன்றே காரணமில்லை, ஆனாலும் இன்றுவரை தோல்விக்கு உதாரணமாக இதைத்தான் காட்டுகிறார்கள். கைதட்டுகிற நமக்கும் இதில் பங்குண்டு.

எங்கள் வட்டாரமும் இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. லுக்குட் சட்டமன்றத் தொகுதி, போர்ட்டிக்சன் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கியது. 2018 அக்டோபர் 13 இடைத்தேர்தலில் ஏழு பேர் நின்றார்கள். அரசியல் தலைவர் அன்வார் இப்ராஹிம் 31,016 ஓட்டு வாங்கி 23,560 பெரும்பான்மையில் வென்றார். மனைவி துணைப்பிரதமர், மகள் நாடாளுமன்ற உறுப்பினர், இப்போது நீங்களுமா என்ற குடும்பக் கேள்வி அப்போது பலமாகவே எழுந்தது. ஆனால் எங்கள் ஒட்டுக்கடையில் தே தாரே குடித்தவர்கள் பேசியது அவர் சிறையில் கழித்த வருஷங்களைத்தான். அவர் பட்டது பெரிய துன்பம், மறுக்கவில்லை. பட்ட துன்பத்தைச் சொல்வதற்கும் நன்னூலில் ஒரு பெயர் உண்டு: உற்றது உரைத்தல். சிறைக்கும் குடும்பக் கேள்விக்கும் சம்பந்தமில்லை என்று கடையில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எல்லாச் சொந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்பது என் கட்சியில்லை. கலைஞர் வீட்டு உறவும், ஜெயலலிதாவின் மனசும் ஓட்டுப் போடுபவனுக்கு எதற்கு? அங்கே இனமொழி ஒரு வேலி, இருக்கட்டும். தமிழ்ப்பள்ளிக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்பது அப்படி இல்லை. அதைக் கேட்க அந்தப் பாட்டிக்கு முழு உரிமை இருந்தது. பேத்தியைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறவர் அவர்.

கூட்டம் முடிந்து பாட்டியை வீட்டில் இறக்கிவிடப் போனேன். "வாத்தியாரே, அனுப்பலன்னா அனுப்பலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே, நான் கோவிச்சுக்கவா போறேன்?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நீங்க அவரு சொன்னதவிட அழகா சொன்னீங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் மொழிபெயர்க்கப் போவதில்லை. நீங்கள் கூட்டத்துக்குப் போனால் கேள்வியை ஆம், இல்லை என்று பதில் வரும்படி சின்னதாகக் கேளுங்கள். கைத்தட்டல் ஓயும்வரை உட்காராதீர்கள். மைக் கைமாறுவதற்குள் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.