உடலின் செக்போஸ்ட்டைத் தாண்டிய செல்கள்

வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய்வரும் வடகரப்பதி மக்களுக்கு செக்போஸ்ட் புதிதல்ல. நம் ரத்தத்திலும் அப்படி ஒரு சோதனை ஓயாமல் நடக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயில் அந்தக் காவல் செல்களே ஆள் தெரியாமல், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளைகூட தினமும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

இறந்தவரின் கணையத்திலிருந்து அந்தச் செல்களைப் பிரித்தெடுத்து நோயாளிக்குச் செலுத்தலாம். கனடாவின் எட்மண்டனில் ஜேம்ஸ் ஷாப்பிரோ குழு அப்படிச் செய்து, சிகிச்சை பெற்ற ஏழு பேரும் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டதாக 2000இல் அறிவித்தது. பல வகைச் செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இன்சுலின் செல்களைப் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டில் ஊசி தேவைப்படவில்லை என்று 2025இல் முடிவு வந்தது. இரண்டிலும் ஒரே இடர்: வந்த செல்லை உடல் அந்நியன் என்று அடித்துவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்க வேண்டும். அவற்றால் தொற்று எளிதில் பற்றும், சிறுநீரகம் கெடலாம், புற்றுநோய் அபாயமும் கூடும். வளரும் பிள்ளைக்கு இந்த விலை மிக அதிகம் என்பதே என் எண்ணம்.

காவலை முடக்காமல் செல்லையே மாற்றினால் என்ன? 2024 டிசம்பரில் ஸ்வீடனின் உப்சாலா மருத்துவமனையில் 42 வயது நோயாளி ஒருவரின் முன்கைத் தசையில் அப்படி மாற்றிய செல்களைச் செலுத்தினார்கள். ஒவ்வொரு செல்லின் மேலும் அடையாள அட்டைபோல ஒட்டியிருக்கும் புரதங்களை மரபணுத் திருத்தத்தால் நீக்கியிருந்தார்கள். ஆனால் அட்டையே இல்லாத செல்லைக் கொல்ல வேறொரு காவல் படை உண்டு. அதற்காக, 'என்னைத் தொடாதே' என்று சைகை காட்டும் சிடி47 என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கவைத்தார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. திருத்தம் சரியாக அமையாத செல்களை உடல் தாக்கியது, திருத்தியவற்றைத் தொடவில்லை. 12 வாரம் கழித்தும் அவை உயிரோடு இன்சுலின் சுரந்தன. எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தருவது ஒரே உடலில் இரு வகைச் செல்களுக்கும் இடையே தெரிந்த இந்த வேறுபாடுதான்.

செலுத்திய அளவு மிகக் குறைவு. அவர் ஊசியை நிறுத்தவில்லை. ஒரே ஒருவர்தான், சில மாதங்கள்தான். இன்னும் பலரிடம், பல ஆண்டுகள் சோதிக்க வேண்டும்.

அதற்குள் 'ஸ்டெம் செல்லால் சுகர் தீரும்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவின் 2017 வழிகாட்டு நெறிகள் சர்க்கரை நோய்க்கு அதை அங்கீகரிக்கவில்லை. முதல் வகை நோயுள்ள பிள்ளைகளுக்குக் கேரள அரசின் 'மிட்டாயி' திட்டம் இன்சுலின் தருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வேளை ஊசியையும் தவறவிடாதீர்கள்.