பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டால்: ஃபார்மேட் போடும் முன் படிக்க

லினக்ஸை அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தும்போது வரும் பிழைச் செய்திகளில் ஆளை ரொம்பக் குழப்புவது ஒன்று உண்டு. டிஸ்க்கில் போதிய இடமில்லை, '/பூட்' பகுதியில் இன்னும் இத்தனை எம்.பி. காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வேலை பாதியில் நின்றுவிடும். ஃபைல் மேனேஜரைத் திறந்து பார்த்தால் 300 ஜி.பி. சும்மா கிடக்கும். அப்புறம் எங்கேதான் இடமில்லை?

பதில் தெரியாதபோது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். சிலர் சொந்தப் படங்களையும் வீடியோக்களையும் அழித்து இடம் பண்ணுவார்கள். எவ்வளவு அழித்தாலும் பிழை போகாது. சிலர் கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மேட் போட்டுவிடுவார்கள். பிழை போகும், கூடவே எல்லாமும் போகும். இரண்டுமே தேவையில்லை.

தமிழ்நாட்டில் லினக்ஸ் அபூர்வமான சரக்கு இல்லை. சி-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் மாணவர்கள் கைக்கு வந்தது. அந்தப் பழைய மடிக்கணினிகளில் உபுண்டுவோ மிண்ட்டோ போட்டு இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இது நம்ம ஊர்ப் பிரச்சனையும்தான்.

தனி பார்ட்டிஷன் எதற்கு?

கணினியை ஆன் செய்ததும் கிரப் என்ற சிறு நிரல் எழுந்து, கெர்னலைத் தேடி எடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. அந்தக் கெர்னல் இருக்கும் இடம்தான் '/பூட்'.

1990-களின் கணினிகளில் பயாஸ் பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 1024 சிலிண்டர்களைத்தான் படிக்கும். 1024 சிலிண்டர், 255 ஹெட், 63 செக்டர், செக்டருக்கு 512 பைட் என்று பெருக்கிப் பாருங்கள், சுமார் 8.4 ஜி.பி. வரும். கெர்னல் அதற்கு அப்பால் போய் உட்கார்ந்தால் அன்றைய லிலோ பூட் லோடரால் எடுக்க முடியாது. அதனால் டிஸ்க்கின் தொடக்கத்திலேயே சின்னதாக ஒரு பார்ட்டிஷன் வெட்டி, கெர்னலை அங்கே வைத்தார்கள்.

அந்தக் கட்டுப்பாடு எப்போதோ போய்விட்டது. ஆனால் புதுக் காரணம் வந்தது: மறையாக்கம், அதாவது என்கிரிப்ஷன். டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டால், கடவுச்சொல்லைக் கேட்கும் நிரல் பூட்டாத ஓர் இடத்தில் இருந்தாகணும். அதனால்தான் உபுண்டுவை நிறுவும்போது மறையாக்கத்தைத் தேர்வு செய்தால் '/பூட்' தனி பார்ட்டிஷனாக அமைகிறது. சாதாரணமாக நிறுவினால் அது வெறும் ஒரு ஃபோல்டர்தான், இந்தச் சிக்கல் வராது.

ஏன் நிரம்புகிறது?

ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டும் '/பூட்'டில் ஒரு செட் கோப்புகளைக் கொண்டுவந்து வைக்கும். கெர்னல் கோப்பு சுமார் 10, 15 எம்.பி.தான். இடத்தை அடைப்பது அதன் கூட வரும் இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பு. உண்மையான டிஸ்க்கைத் திறக்கத் தேவையான டிரைவர்களும் ஃபர்ம்வேரும் அதற்குள் இருக்கும். கிராஃபிக்ஸ் ஃபர்ம்வேர் பெருத்துக்கொண்டே போவதால் ஒரு கோப்பே 100 எம்.பி.யைத் தாண்டுவது இப்போது சாதாரணம்.

இன்னொரு காரணம் பலர் கவனிக்காதது. உபுண்டு 19.10-இல் இந்தக் கோப்பைச் சுருக்கும் முறையை ஜிஸிப்பிலிருந்து எல்இஸட்4-க்கு மாற்றினார்கள். விரிப்பது வேகம், ஆனால் கோப்பு பெரிது. அதோடு, கோப்பைப் புதுப்பிக்கும்போது புதியதை முழுதாக எழுதிய பிறகுதான் பழையது போகும். கொஞ்ச நேரத்துக்கு இரண்டுக்குமே இடம் வேண்டும்.

பழைய கெர்னலை உடனே அழிக்காததற்கும் காரணம் இருக்கிறது. புதியது ஓடவில்லை என்றால் பழையதில் ஏறிக்கொள்ளலாம். பண்ருட்டி பலா மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கிடங்கு காலியாக இருந்தாலும் வாசலில் பழத்தைக் குவித்துவிட்டால் அடுத்த லோடு உள்ளே போகாது. கிடங்கைக் காலி செய்து என்ன பயன்?

ஒரு நேரடி அனுபவம்

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், கெடிலக் கரைக் கோயில்களில் கல்வெட்டுகளைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார். சில கற்கள் அதற்குப் பிறகு வெள்ளையடிப்பில் மறைந்துவிட்டன, திரும்ப எடுக்க முடியாது. அவருடைய மறையாக்கம் செய்த மடிக்கணினியில் உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்குப் போகும்போது இந்தப் பிழை வந்தது. கடையில் ஃபார்மேட் ஒன்றுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள். "தம்பி, படமெல்லாம் போயிடுமா?" என்று கேட்டார். "போகாதுங்க ஐயா, உங்க படம் இருக்கிற இடமே வேற" என்றேன். பார்த்தால் நான்கு கெர்னல்கள் வாசலை அடைத்துக்கொண்டு இருந்தன. முக்கால் மணி நேர வேலை. அதிலும் பாதி நேரம் படங்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கவே போனது.

என்ன செய்யணும்?

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்கணும். மேம்படுத்தல் பாதியில் நின்றிருந்தால் சரிசெய்யும் வரை ரீஸ்டார்ட் வேண்டாம்.

1. முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள்.

2. 'டிஎஃப் -எச்' அடியுங்கள். '/பூட்' தனி வரியாக வந்து 90 சதவீதத்துக்கு மேல் காட்டினால் இதுதான் பிரச்சனை. '/பூட்/ஈஎஃப்ஐ' என்று இன்னொரு வரி வரலாம். அது வேறு பார்ட்டிஷன், அதைத் தொட வேண்டாம்.

3. 'யூநேம் -ஆர்' அடித்தால் இப்போது ஓடும் கெர்னலின் எண் வரும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். என்ன ஆனாலும் அதை அழிக்கக் கூடாது.

4. 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' கொடுங்கள். ஓடும் கெர்னலையும் புதியதையும் விட்டுவிட்டுத் தேவையற்ற பழையவற்றை அதுவே நீக்கும். பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

5. சில சமயம் ஆட்டோரிமூவே ஓடாது. பாதியில் நின்ற நிறுவலை முதலில் முடி என்று ஆப்ட் சொல்லும், முடிக்கப் போனால் இடமில்லை என்று சொல்லும். அப்போது 'டிபிகேஜி -எல்' பட்டியலில் மிகப் பழைய கெர்னலைப் பார்த்து, 'சூடோ டிபிகேஜி --பர்ஜ்' கொடுத்து அதை மட்டும் நீக்குங்கள். அதே எண்ணில் 'மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' பேக்கேஜ் இருந்தால் அதன் பெயரையும் அதே கட்டளையில் சேருங்கள்.

6. அதுவும் நடக்கவில்லை என்றால், அந்தப் பழைய கெர்னலின் இனிட்ரேம்எஃப்எஸ் கோப்பை மட்டும் ஹோம் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். கிடைத்த இடத்தில் 'சூடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்' பாதி வேலையை முடிக்கும். பிறகு அந்தக் கெர்னலை முறைப்படி பர்ஜ் செய்துவிடுங்கள்.

ஏற்கெனவே ரீஸ்டார்ட் செய்து, ரூட் டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை என்று கெர்னல் பேனிக் வந்தாலும் பதற வேண்டாம். புதிய கெர்னலுக்கான இனிட்ரேம்எஃப்எஸ் உருவாகவில்லை, அவ்ளோதான். கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் ஏறி, மேலே சொன்னதைச் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் பத்தவில்லை என்றால் இனிட்ரேம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் 'கம்ப்ரெஸ்' மதிப்பை எக்ஸ்இஸட் என்று மாற்றலாம், உபுண்டுவின் பிழைச் செய்தியே இதைச் சொல்கிறது. 'மாட்யூல்ஸ்' மதிப்பை 'டெப்' என்று மாற்றினால் இன்னும் சுருங்கும். ஆனால் அது இந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்களை மட்டுமே வைக்கும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் எழாமல் போகலாம். மாற்றிய பிறகு 'சூடோ அப்டேட்-இனிட்ரேம்எஃப்எஸ் -யு -கே ஆல்' ஓட்டுங்கள்.

பார்ட்டிஷனையே பெரிதாக்கலாமே என்று தோன்றும். '/பூட்'டை ஒட்டி மறையாக்கப் பார்ட்டிஷன் இருந்தால் அதன் தொடக்கத்தையே நகர்த்த வேண்டியிருக்கும். நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

லினக்ஸின் குறை மட்டும்தானா?

இல்லை. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கேபி5034441 என்ற விண்டோஸ் 10 அப்டேட், மீட்புப் பார்ட்டிஷனில் 250 எம்.பி. காலி இடம் இல்லாத கணினிகளில் தோற்றுப்போனது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நிறுவும் நாளில் வெட்டிய சின்னப் பார்ட்டிஷன் வளராது, அதில் வைக்கும் சரக்கு மட்டும் வளரும்.

அடுத்த முறை புதிதாக நிறுவும்போது '/பூட்'டுக்கு 2 ஜி.பி. கொடுத்துவிடுங்கள். 500 ஜி.பி. டிஸ்க்கில் அது 0.4 சதவீதம்தான். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு, தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், நம்ம பக்கத்திலேயே விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. ஃபார்மேட் போடச் சம்மதிக்கும் முன் அப்படி ஒருவரிடம் 'டிஎஃப் -எச்' வெளியீட்டைக் காட்டுங்கள். நிரம்பியிருப்பது எந்த அறை என்று அந்த ஒரு திரையிலேயே தெரிந்துவிடும்.