“உள்ளே வா” என்றது மாதா கோவில்; “தள்ளி நில்” என்றது ஊர்! 2 உயிரை பலி வாங்கிய எறையூர் தகராறு

மேல்மலையனூர்:-

அமாவாசை ராத்திரி மேல்மலையனூருக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வரும் வெளியூர் ஜனம் கோவில் முன்னால் தரையிலேயே உட்கார்ந்து விடும். முழங்காலோடு முழங்கால் இடிக்கும். பக்கத்தில் இருப்பவர் என்ன ஜாதி என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது?

இங்கிருந்து செஞ்சி, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று பஸ் மாறிப் போனால் எறையூர் வரும். 2008-ல் இரண்டு ஊரும் ஒரே விழுப்புரம் மாவட்டம். எறையூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த ஊர் செபமாலை மாதா கோவிலில் ஒரே பாதிரியார் கையில் நன்மை வாங்கியவர்கள்தான் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து மோதிக் கொண்டார்கள்.

துப்பாக்கி சூடு

ஒரு பக்கம் வன்னிய கிறிஸ்தவர்கள். இன்னொரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள். “எங்க வீட்டுப் பிணம் பெரிய தெரு வழியா போகக் கூடாதா? கல்லறையில கூட தனி இடமா?” என்பதுதான் தலித் மக்களின் குறை. தங்கள் தெருவில் உள்ள சகாய மாதா கோவிலை தனிப் பங்காக ஆக்கித் தரும்படி கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள்.

2008 மார்ச் 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தவக்காலம் வேறு. அடுத்த வாரம் குருத்தோலை ஞாயிறு. அன்று கலவரம் மூண்டது. தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் வன்னிய கிறிஸ்தவர்கள் 2 பேர் செத்தார்கள். சாமி கும்பிடும் இடத்துக்காக நடந்த சண்டையில் போன உயிர்கள் இவை.

கோவில்களில் மட்டும் இந்தக் கதை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இதே விழுப்புரம் பக்கம் மேல்பாதி திரவுபதி அம்மன் கோவிலுக்கு 2023 ஜூனில் அதிகாரிகள் “சீல்” வைத்தார்கள். காரணம் இதே தகராறுதான். ஆனால் மாதா கோவில் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. ஜாதி இல்லை என்று சொல்லித்தானே உள்ளே கூப்பிட்டார்கள்? கிருபை என்றால் யோக்கியதை பார்க்காமல் கடவுள் சும்மா கொடுப்பது என்று பிரசங்கம் செய்கிறார்கள். பணக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு கால்மாட்டில் இடம் என்று சபையில் ஓரவஞ்சனை செய்யாதீர்கள் என்று யாக்கோபு நிருபத்திலேயே கண்டித்திருக்கிறது.

மூக்கைப் பிடித்த பாதிரியார்

இது நேற்று முளைத்த தகராறும் அல்ல. துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது புதுச்சேரி சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் மற்ற ஜாதிக்காரர்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று பெரிய பாதிரியாரிடம் பறையர்கள் முறையிட்டார்கள். அவருக்கு நியாயம் பட்டது. சுவரை இடிக்கச் சொல்லி விட்டார்! எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள்.

அதோடு விட்டாரா? மெல்லிய துணி உடுத்தி, வாசனை பூசிக் கொண்டு வந்த ஒரு பெரிய வீட்டுப் பெண்ணைப் பார்த்து மூக்கைப் பிடித்துக் கொண்டாராம். ஜாதி கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்து அவரோடு சண்டைக்குப் போனார்கள்.

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் இன்னும் வேடிக்கை. 1872-ல் கட்டிய கோவிலே கால்சட்டை மாதிரி இரண்டு காலாக இருந்தது. ஜாதிக்கு ஒரு கால், நடுவில் சுவர், பீடம் மட்டும் பொது. 1910-ல் சுவரை இடித்தார்கள். மேல்ஜாதி கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐகோர்ட்டு வரை வழக்கு நடந்தது. கோவிலுக்குள் ஜாதிப்படி தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பாகி விட்டது.

இரண்டு பக்கமும் இடி

தலித் கிறிஸ்தவருக்கு சர்க்கார் பக்கமும் அடிதான். 1950-ல் வந்த ஜனாதிபதி உத்தரவுப்படி மதம் மாறினால் ஆதி திராவிடர் சலுகை போய் விடும். சீக்கியர்களுக்கு 1956-லும் புத்த மதத்தினருக்கு 1990-லும் விலக்கு கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இல்லை. தாசில்தார் ஆபீசில் “நீ கிறிஸ்தவன், சர்டிபிகேட் கிடையாது” என்பார்கள். ஊருக்குள் போனால் “நீ பழைய ஜாதிதான்” என்பார்கள். மனுஷன் எங்கே போவான்?

பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழ்நாட்டு ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் ஜாதி பாகுபாட்டை நேருக்கு நேர் கண்டித்தார். எறையூரில் குண்டு வெடித்தது அதற்குப் பிறகுதான். 2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கென்று ஒரு கொள்கை அறிக்கையே போட்டது. சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதில் ஒப்புக் கொண்டார்கள்.

தனிப் பங்கு கொடுத்து விட்டால் சண்டை ஓய்ந்து விடுமே என்று சிலர் சொல்கிறார்கள். பிணத்தைத் தூக்கிக் கொண்டு சந்து சந்தாகச் சுற்றுகிறவன் தனிப் பங்கு கேட்பதில் தப்பு சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். ஆனால் 1745-ல் புதுச்சேரியில் பறையர்கள் தனிக் கோவில் கேட்கவில்லை. சுவரை எடுக்கச் சொன்னார்கள். ஒரு பாதிரியார் எடுத்தார்.