ரெப் சொன்னதும் கூகுள் சொன்னதும்

டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது, நடுவில் ஒருவர் நேராக உள்ளே போய்விடுவார். முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, தோளில் கனத்த பை. மெடிக்கல் ரெப். உள்ளே அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குள் படம் போட்ட அட்டைகளைப் புரட்டிக் காட்டி, மருந்தின் பெயரை நாலைந்து தடவை காதில் போட்டு, சாம்பிளை மேஜையில் வைத்துவிட்டு வருவார். அதோடு வேலை முடியாது. பக்கத்து மருந்துக்கடையில் நின்று, “சார் சீட்டுல நம்ம பிராண்டு எவ்ளோ வருது, மத்தவங்களோடது எவ்ளோ?” என்று விசாரிப்பார். கடைக்காரரும் சொல்வார். தான் எந்த பிராண்டை எவ்வளவு எழுதுகிறோம் என்ற கணக்கு டாக்டரிடம் இருக்காது, ரெப்பிடம் இருக்கும்.

அதே அறைக்குள் நாம் போய் போனை நீட்டி, “நெட்ல இப்படிப் போட்டிருக்கு டாக்டர்” என்றால் முகம் மாறும். “கூகுள்ல பாத்துட்டு வந்தீங்களா?” என்ற கேள்வியில் பாதி கிண்டல், பாதி எரிச்சல். எரிச்சலில் நியாயமும் உண்டு. தலைவலி என்று தேடியவர் மூளைக்கட்டியோடு வந்து உட்காருகிறார். வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை நம்பி இன்னொருவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறார். வெளியே முப்பது பேர் காத்திருக்கும்போது இதையெல்லாம் பொறுமையாகத் திருத்த எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது?

ஆனால் ‘நெட்டில் வருவதில் பாதி விளம்பரம்’ என்று நம்மை எச்சரிக்கும் டாக்டரிடம், ‘ரெப் சொல்வது உங்களைப் பாதிக்கிறதா?’ என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில், ‘என்னையா? இல்லவே இல்லை.’

இந்தப் பதிலை ஆராய்ச்சியாளர்கள் பல முறை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2001-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சியில் இருந்த டாக்டர்களில் 61 சதவீதம் பேர், மருந்துக் கம்பெனிகளின் விளம்பரம் தங்கள் சீட்டைப் பாதிப்பதில்லை என்றார்கள். மற்ற டாக்டர்களும் அப்படித்தானா என்று கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் 16 சதவீதம் மட்டுமே. நான் மட்டும் விழமாட்டேன், பக்கத்து அறைக்காரர் விழுந்துவிடுவார்! 1992-ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவையானது. கம்பெனி செலவில் உல்லாச விடுதிகளில் நடந்த கருத்தரங்குகளுக்கு டாக்டர்கள் போய்வந்தார்கள். போகும் முன் கேட்டபோது, இதனால் ஒன்றும் மாறாது என்பதே பெரும்பாலோரின் பதில். திரும்பிய பிறகு அவர்களின் மருத்துவமனையில் அந்தக் கம்பெனிகளின் ஒரு மருந்து மூன்று மடங்குக்கு மேலும், இன்னொன்று இரண்டு மடங்குக்கு மேலும் செலவாகியிருந்தது.

இவர்கள் எல்லாம் லஞ்சம் வாங்கியவர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 2016-ல் வந்த பெரிய ஆய்வொன்று, சராசரி 20 டாலருக்கும் குறைவான ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அந்தக் கம்பெனியின் பிராண்டை அதிகம் எழுதுவதற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. சாப்பாடுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிறது. இவ்வளவு சின்னத் தொகைக்கு யாரும் விலைபோக மாட்டார்கள். பழக்கம், முகதாட்சண்யம், காதில் விழுந்துகொண்டே இருக்கும் பெயர் ஆகியவைதான் வேலை செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டில் இதற்கு இடம் இன்னும் அதிகம். காப்புரிமை முடிந்த ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயர்களில் விற்கின்றன. உள்ளே இருப்பது ஒரே மருந்து என்னும்போது, எந்தப் பெயர் சீட்டில் ஏறும் என்பதை முடிவுசெய்ய அறிவியல் தேவைப்படாது, ரெப் போதும். அரசு ஆஸ்பத்திரியில் இந்த வேலை அவ்வளவாக எடுபடுவதில்லை. அங்கே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பிராண்டைப் பார்க்காமல், மருந்தின் பொதுப்பெயரில் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கிவிடுகிறது.

டாக்டர்கள் கம்பெனிகளிடம் பரிசோ பயணமோ வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009-லேயே விதி போட்டது. பரிசுகள் நிற்கவில்லை. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ், டாக்டர்களுக்குக் கொடுத்தவற்றைத் தொழில் செலவாகக் காட்டி வரிக்கழிவு கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பட்டியலில் தங்க நாணயம், எல்சிடி டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் எல்லாம் இருந்தன. 2022 பிப்ரவரியில் நீதிமன்றம் கழிவு தர மறுத்தது. இந்தப் பரிசுகளின் செலவு மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்றும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. 2024 மார்ச்சில் மத்திய அரசு கம்பெனிகளுக்குப் புதிய நடத்தை விதிகளைக் கொண்டுவந்தது. பரிசு கூடாது, வெளிநாட்டுக் கருத்தரங்குக்கு அழைத்துப்போகக் கூடாது, சாம்பிளுக்கும் உச்சவரம்பு.

இணையத்துக்கு வருவோம். சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்துகளை இந்தியாவில் பொதுமக்களிடம் விளம்பரம் செய்ய முடியாது. அமெரிக்காவில் முடியும். இங்கே அதற்குச் சுற்றுவழி உண்டு. சில விளம்பரங்களில் மருந்தின் பெயரே வராது. நோயின் அறிகுறிகளைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டு, ‘உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்’ என்று முடியும். கீழே பொடி எழுத்தில் ஒரு கம்பெனி பெயர். நாம் பயத்தோடு போகிறோம். அதே கம்பெனியின் ரெப் நமக்கு முன்பே டாக்டரைப் பார்த்திருப்பார். ‘சர்க்கரையை வேரோடு ஒழிக்கிறோம்’ ரகம் வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் உட்பட ஒரு பட்டியல் நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கிறது. யூடியூப்புக்கு அந்தச் சட்டம் பழக்கமில்லை போலும்.

ஆகவே நெட்டில் படித்ததை டாக்டரிடம் சொல்வதில் தவறில்லை. சொல்லும் முன் அந்தப் பக்கத்தை நடத்துவது யார், கீழே எதையாவது விற்கிறார்களா என்று பாருங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் போன்ற இடங்களில் விளம்பரம் கிடையாது. ‘இதுதான் எனக்கு’ என்று தீர்ப்போடு போகாமல், ‘இதைப் படித்தேன், எனக்குப் பொருந்துமா?’ என்று கேட்டால் அநேகமாக எரிச்சல் வராது.

மருந்து விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ‘இதே மருந்து விலை குறைந்த வேறு பிராண்டில் இருக்கிறதா?’ ‘இது புது மருந்தென்றால், பழையதைவிட எதில் மேல்?’ இவற்றை டாக்டரிடமே கேளுங்கள். சீட்டில் பிராண்ட் பெயர் எழுதியிருந்தால், உள்ளே அதே மருந்தாக இருந்தாலும் வேறு பிராண்டை மாற்றிக் கொடுக்கச் சீட்டு மருந்துகளில் கடைக்காரருக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. பொதுப்பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.