வேலணை வெளிக்கு ஒரு பறப்புத் திடல்

2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரும் பட்டமொன்றை ஏற்றிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர், மற்றவர்கள் கயிற்றைக் கைவிட்ட பிறகும் பிடியை விடாமல் வானில் தூக்கிச் செல்லப்பட்டார். அந்தக் காணொளி உலகெங்கும் ஓடியது. அவர் உயிர் தப்பியதால் செய்தி வேடிக்கையாகவே முடிந்துபோனது. பட்டம் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது, வாடைக்காற்றும் வழக்கம்போல்தான் வீசியது. யார் சொன்னால் கயிற்றை விடுவது, எல்லோரும் ஒன்றாக எப்படி விடுவது என்ற ஒழுங்குதான் அங்கே தவறியது. அதே வடமராட்சியில், அதே காற்றில், தைப்பொங்கல் நாளன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பட்டப்போட்டி நடக்கிறது. விண் கூவும் கொக்குப் பட்டத்திலிருந்து ஆள் உயரத்தைப் பல மடங்கு தாண்டும் விசித்திரப் பட்டங்கள் வரை அங்கே ஏறுகின்றன. அதற்கென்று ஒரு நாள், ஓர் இடம், நடுவர்கள், பழகிய கைகள் எல்லாம் உண்டு. பறக்கும் பொருளின் ஆபத்தைக் குறைப்பதில் சட்டப் புத்தகத்தின் பங்கு சிறியது. எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடமும், அந்த இடத்துக்குப் பொறுப்பான ஆட்களுமே அதில் பெரும்பங்கு வகிக்கிறார்கள். வானொலி அலையால் இயக்கும் மாதிரி விமானங்களுக்கு அப்படியோர் இடம் வடக்கில் அமைய வேண்டும், அதற்கு வேலணை மிகவும் பொருத்தமானது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாதிரி விமானம் என்றால் விளையாட்டுப் பொருள் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள ஒரு சாதாரண மாதிரி விமானம் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 625 ஜூல். வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 144 கிலோமீற்றரில் எறியும் கிரிக்கெட் பந்து 130 ஜூலுக்குக் கிட்டத்தான் வரும். ஐந்து பந்துகள் ஒன்றாக வந்து மோதுவதாக வைத்துக்கொண்டாலும், அவற்றின் முனையில் சுழலும் விசிறி இருக்காது. பத்து அங்குல விசிறி நிமிடத்துக்கு 8,000 சுற்றுச் சுழன்றால் அதன் நுனி நொடிக்கு நூறு மீற்றருக்கு மேல் வீசும். அதில் அகப்பட்டால் விரல் மிஞ்சாது. 2013 செப்டெம்பரில் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஒரு பூங்காவில், நல்ல பயிற்சி பெற்ற 19 வயது இளைஞர் ஒருவர் தானே இயக்கிய மாதிரி ஹெலிகொப்டர் மோதி இறந்தார். அவர் கற்றுக்குட்டி அல்ல. திறமை மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்த ஆபத்தை அடக்கும் விதிகள் எங்கே பிறந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். பிரித்தானிய மாதிரி விமானச் சங்கம் 1922இல் தோன்றியது, அமெரிக்காவினது 1936இல். இன்று உலகம் பின்பற்றும் வழக்கங்களில் பெரும்பாலானவை இத்தகைய சங்கங்களின் திடல்களில் உருவானவை. பழைய கருவிகள் 35, 72 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இயங்கின. ஒரே அலைவரிசையில் இருவர் கருவியைப் போட்டால் ஒருவரின் விமானம் கட்டுப்பாடிழந்து விழும். அதற்காகத் திடலில் ஒரு பலகை நட்டு, ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஓர் அடையாளக் கவ்வி தொங்கவிட்டார்கள். கவ்வி கையில் இல்லாதவர் கருவியைத் தொடக்கூடாது. எந்த அதிகாரியும் கண்காணிக்காமலே இந்த விதி நின்றது. மீறினால் அழிவது பக்கத்தில் நிற்கும் நண்பரின் விமானம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் அலைமோதலைத் தாமே தவிர்த்துக்கொள்வதால் அந்தப் பலகைக்கு வேலை குறைந்துவிட்டது. அதன் இடத்துக்கு வேறொரு விதி வந்திருக்கிறது: சமிக்ஞை அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒவ்வொரு விமானத்தையும் முன்கூட்டியே அமைத்து, தரையில் வைத்தே கருவியை அணைத்துக் காட்ட வேண்டும். காட்டாதவர் பறக்கவிட முடியாது.

மற்ற விதிகளும் கணக்கிலிருந்தே வருகின்றன. 120 மீற்றர் உயரத்தில் கட்டுப்பாடும் மோட்டாரும் ஒன்றாக அறுந்த விமானம் தரையைத் தொட ஐந்து விநாடி எடுக்கும். அதற்குள் அது 120 மீற்றர் முன்னே போய்விடும். ஆகவே இயக்குபவர்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், விமானங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு முன்புறம் மட்டுமே பறக்க வேண்டும், பார்வையாளரும் வாகனங்களும் நன்றாகப் பின்னே இருக்க வேண்டும். தலைக்கு மேலால் பறக்கவிடுவது எவர் செய்தாலும் குற்றம். முன்புறத்தில் வீடோ வீதியோ மின்கம்பியோ இருக்கலாகாது. மோட்டார் மட்டும் நின்று சிறகு வேலை செய்தால் அதே விமானம் முக்கால் கிலோமீற்றருக்கு மேல் மிதந்து போகக்கூடும் என்பதால் வெறும் பள்ளிக்கூட மைதானம் இதற்குப் போதாது. இந்தத் தூரங்களை நினைத்துப் பார்த்தால், குடியிருப்பு நெருங்கிய யாழ் நகரத்தில் எங்கும் இதைச் செய்ய முடியாது என்பது விளங்கும்.

வேலணையில் முடியும். பண்ணைப் பாலத்தால் நகரத்தோடு இணைந்த தீவு அது. நெடுந்தீவைப் போலக் குறிகட்டுவானில் படகுக்குக் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாகவும் ஆகிவிட்டதால் அங்கே இந்தப் பேச்சே எழாது. வேலணையின் வெளிகள் தட்டையானவை, ஓரங்களில்தான் பனை. அதைவிட முக்கியம் காற்று. மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசும். இரண்டும் ஒரே அச்சு. வடகிழக்கு–தென்மேற்காக ஒரேயொரு ஓடுபாதை வெட்டினால் ஆண்டு முழுவதும் விமானத்தைக் காற்றுக்கு எதிர்முகமாக ஏற்றி இறக்கலாம். பலாலி விமான நிலைய ஓடுபாதையும் இதே திசையில்தான் கிடக்கிறது. குளிர்நாட்டுக் கையேடுகள் வடக்கே பார்த்து நின்று பறக்கவிடச் சொல்லும், வெயில் கண்ணில் விழாதிருக்க. ஒன்பதரைப் பாகை அகலாங்கில் உள்ள தீவகத்துக்கு அது ஒத்துவராது. சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணி வரை நண்பகல் சூரியன் இங்கே வடக்குப் பக்கம் நிற்கும். மாலையில் பறக்கவிடுவோர் ஓடுபாதையின் வடமேற்கே நின்று தென்கிழக்கைப் பார்ப்பதே சரி; மேற்கு வெயில் முதுகுப்பக்கம் போய்விடும். இப்படி ஊரின் காற்றையும் வெயிலையும் கணக்கெடுத்து எழுதிய விதிதான் ஊரில் நிலைக்கும்.

பலாலியைச் சொன்னதும் எழும் முதல் ஆட்சேபம் பயணிகள் விமானங்கள் பற்றியது. 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்குச் சென்னையிலிருந்து சேவைகள் நடக்கின்றன. ஓடுபாதையின் கோட்டைத் தென்மேற்கே நீட்டினால் அது தீவகப் பக்கமாகவே வருகிறது. இது உண்மையான கவலை, மழுப்பக்கூடாது. ஆனால் வேலணை அங்கிருந்து நேர்கோட்டில் 20 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் அந்தத் தூரத்தில் ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும். மாதிரி விமானத்தின் உச்சி 120 மீற்றர். இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளை ஓர் அளவுகோலாக எடுத்தால், விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீற்றர் வரை உள்ள வலயத்தில் 200 அடி, அதற்கு அப்பால் பசுமை வலயத்தில் 400 அடி. அந்த அளவுகோலிலும் வேலணை தப்புகிறது. தாழப் பறந்து வரும் படை ஹெலிகொப்டர்கள்தான் மெய்யான சிக்கல். அதற்காகப் பறக்கவிடாமல் வானத்தை மட்டும் பார்த்திருக்கும் காவலர் ஒருவர் எப்போதும் கோட்டில் நிற்க வேண்டும். அவர் குரல் கொடுத்தால் எல்லா விமானமும் உடனே இறங்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. 2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்காவில் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் குண்டு வீசியதை இந்த அரசு மறந்துவிடாது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குச் சில நாட்களில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ட்ரோன் பறப்புகளை நாடு முழுவதும் நிறுத்தியது. வடக்கில் வானத்தில் எது பறந்தாலும் சந்தேகம் வரும் என்பது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆயினும் தடை மட்டும் என்ன செய்துவிடும்? கல்யாண வீட்டுக் காணொளிக்காரரும், விடுமுறைக்கு வந்த புலம்பெயர் உறவினரும் இன்று ஆளாளுக்கு ஓரிடத்தில் ட்ரோன் ஏற்றுகிறார்கள். அவர்களில் எவர் விதி தெரிந்தவர், எவர் அனுமதி எடுத்தவர் என்று கிராம அலுவலருக்கும் தெரியாது, பொலிஸாருக்கும் தெரியாது. ஆளில்லா வானூர்திகளை 25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் 25 வரை, 200 கிராம் முதல் ஒரு கிலோ வரை, அதற்குக் கீழ் என்று அதிகாரசபை எடைப்படி பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை நடைமுறையில் யார் நிறுத்துப் பார்ப்பது? ஒரு கழகத் திடலின் வாசலில் தராசு வைக்கலாம், பதிவேடு வைக்கலாம். அமெரிக்கா 2024 மார்ச் முதல் தொலைவிலிருந்தே அடையாளம் சொல்லும் கருவியை வானூர்திகளுக்குக் கட்டாயமாக்கி அமுல்படுத்துகிறது. அதே அரசு, அங்கீகரிக்கப்பட்ட கழகத் திடல்களுக்குள் கண்பார்வைக்கு எட்டப் பறக்கும் மாதிரிகளுக்கு அந்தக் கருவி வேண்டாம் என்றது. எங்கே, யார், எப்போது என்று தெரிந்துவிட்டால் பாதுகாப்புத் தரப்புக்குத் தேவையானதில் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது என்பதே அதன் பொருள்.

இதே ஆட்சேபத்துக்கு மக்கள் பக்கத்திலும் ஒரு முகம் உண்டு. அதை நான் அரசின் அச்சத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தலைக்கு மேல் எஞ்சின் இரைந்தால் பதுங்குகுழியை நினைக்கும் தலைமுறை தீவகத்தில் இன்னும் வாழ்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஊரோடு பெயர்ந்தவர்கள், பொம்பரும் கிபிரும் என்னவென்று காதால் அறிந்தவர்கள். அவர்களின் வீட்டுக்கு மேலே திடீரென்று எதுவும் இரையக்கூடாது. ஆகவே மின்மோட்டார் விமானங்கள் மட்டும், வாரத்தில் குறித்த மாலைகள் மட்டும், குடிமனைப் பக்கம் திரும்பாத பறப்புத் திசை என்ற மூன்றும் பேரம் பேச முடியாத விதிகளாக இருக்க வேண்டும். மின்மோட்டார் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாட்டியின் நன்னீர்க் கிணறுகள் நெடுங்காலமாகத் தீவக ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொடுத்தவை. மணலடியில் தேங்கும் அந்த நீருக்கு மேல் மெதனோல் எரிபொருளைச் சிந்த எவருக்கும் உரிமையில்லை. சாட்டிக் கடற்கரை விடுமுறை நாட்களில் சனம் கூடும் இடம். சிந்தாத்திரை மாதா கோவிலும் மாவீரர் துயிலுமில்லமும் அந்தப் பக்கத்தில் உள்ளவை. திடல் அங்கிருந்து விலகி உள்வெளியில் அமைய வேண்டும். போர்க்காலத்தில் கண்ணிவெடி புதைந்த மண் என்பதால், அகற்றல் சான்று உள்ள நிலத்தையே தெரிவு செய்ய வேண்டும். விழுந்த விமானத்தைத் தேடிப் போகிறவர் ஒற்றையடிப் பாதையை விட்டு விலகித்தான் நடப்பார்.

பறவைகளின் வழக்கு எல்லாவற்றிலும் வலுவானது. கார்த்திகை முதல் பங்குனி வரை யாழ் களப்பின் ஆழமில்லாத நீரில் பூநாரைகளும் வடதேசத்து உள்ளான்களும் மேய்கின்றன. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து எடை தேற்றிக்கொள்ளும் பறவைக்கு ஒவ்வொரு கிளம்பலும் செலவு. இதற்கு அரைகுறைச் சமாதானம் சொல்ல நான் விரும்பவில்லை. அந்த மாதங்களில் களப்பு நீருக்கு மேல் பறப்பது முற்றாகத் தடை, திடலில் பறவைக் கூட்டம் இறங்கினால் அன்றைய பறப்பு முடிவு. வாடைக்காலத்துப் பறப்பில் பாதி இதனால் போகும். போகட்டும், சோளகக் காலம் முழுவதும் இருக்கிறது. மாடுகளின் வழக்கு எளிது. மேய்ச்சல் தரவையை வேலி போட்டு அடைக்கத் தேவையில்லை. பறக்கவிடும் சில மணி நேரத்துக்கு மட்டும் ஓடுபாதைத் துண்டு வெறுமையாக இருந்தால் போதும். மாடு நுழைந்தால் மாட்டுக்கே முன்னுரிமை.

இது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்ற குற்றச்சாட்டு பாதி உண்மை. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் விமானங்கள் விலை கூடியவை. ஆனால் ரெஜிபோம் அட்டையை வெட்டிச் சிறகு செய்ய முடியும். பட்டத்து விண்ணுக்கு நார் சீவி, முச்சை கட்டிப் பழகிய பிள்ளைக்கு ஈர்ப்புமையம் எங்கே விழ வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அதிக நேரம் ஆகாது. கருவியும் பற்றரியும் திடலை நடத்தும் கழகத்தின் பொதுச் சொத்தாக இருக்கலாம். இந்தியாவில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு பல பத்தாண்டுகளாக மாதிரி விமானக் கலையைப் பயிற்சியிலேயே வைத்திருக்கிறது. வேலணை மத்திய கல்லூரி மாணவருக்கும், கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கும் நடுவே இப்படியொரு திடல் அமைந்தால், காற்றியக்கவியல் பாடம் கரும்பலகையில் மட்டும் நிற்காது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வேலணைப் பிரதேச சபை ஒரு நிலத்துண்டை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் நிபந்தனையோடு கழகத்துக்குக் கொடுக்கலாம். கழகம் அந்த நிலத்தின் வரைபடம், பறக்கும் நேரம், உயர எல்லை, உறுப்பினர் பெயர்கள் ஆகியவற்றை அதிகாரசபைக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் எழுதிக் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். அனுமதி வரும்வரை எதுவும் பறக்கக்கூடாது. மூன்றாம் நபர் காப்புறுதி இல்லாதவரை உறுப்பினராகச் சேர்க்கக்கூடாது. பிரித்தானியச் சங்கத்திலும் அமெரிக்கச் சங்கத்திலும் உறுப்புரிமையோடு சேர்த்தே அது கிடைக்கிறது. உப்புக்காற்று மின்னிணைப்புகளை அரிப்பதால் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் சிறகசைவைச் சோதிப்பது கட்டாயம். வீங்கிய லிதியம் பற்றரியைப் போட மணல் நிரப்பிய வாளி ஒன்று எப்போதும் திடலில் இருக்க வேண்டும். முதல் ஆண்டு ஒரு கிலோவுக்குக் குறைந்த விமானங்கள் மட்டும், ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் வானில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டு முடிவில் பதிவேட்டைச் சபையின் பொதுக் கூட்டத்தில் வைத்து, பக்கத்து வீட்டாரும் மாடு வளர்ப்போரும் மீனவரும் சொல்வதைக் கேட்ட பிறகே எடையைக் கூட்டுவதா, திடலை மூடுவதா என்று தீர்மானிக்க வேண்டும்.