பாமினி இல்லாத கணினியில்

புதுக்கடை நீதிமன்றச் சுற்றாடலில் தமிழில் அடித்த சத்தியக்கடதாசி ஒன்று மின்னஞ்சலில் சட்டத்தரணிக்குப் போகிறது. அவர் திறந்தால் தமிழே இல்லை. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், இடையிடையே அரைப்புள்ளிகள். கோப்பு பழுது என்று நினைத்து முதலிலிருந்து அடிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். அதில் ஓர் எழுத்தும் தொலையவில்லை.

இலங்கையில் நெடுங்காலமாகப் புழங்கும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் குறியெண்களுக்குத் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. ‘கொழும்பு’ என அடித்தால் கோப்பில் பதிவாவது என், எஃப், எச், பெரிய ஓ, கே, அரைப்புள்ளி, பெரிய ஜி. ‘இலங்கை’ கமாவில்தான் தொடங்கும். ‘இ’ இருப்பது அந்த விசையில். பாமினி இல்லாத கணினியில் வேர்ட் வேறோர் எழுத்துருவைப் போட்டுக்கொள்வதால் அடியில் உள்ளவை வெளியே தெரிகின்றன. சந்தேகமானால் அந்த வரியில் சொடுக்கி எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். பாமினி என்ற பெயர் அங்கேயே இருக்கும். அதை நிறுவி, கோப்பை மூடித் திறந்தால் போதும்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு நோய். யூனிகோடில் தமிழுக்கு 1991 முதல் சொந்தக் குறியெண்கள் உண்டு. தெரிவான எழுத்துருவில் தமிழ் வடிவம் இல்லாததால் கட்டம் வருகிறது. லதா, நிர்மலா யூஐ, இலவசமான நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் தீரும்.

பழைய பாமினி ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும்போதுதான் உண்மையான ஆபத்து. பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னே பதிவாகும், யூனிகோடில் பின்னே. இதை மாற்றிகள் பெரும்பாலும் சரியாகவே செய்கின்றன. ஆனால் ஆங்கில எழுத்துருவில் அடித்த தொகையையும் பாமினி என்று எடுத்துக்கொண்டால் 250,000 என்பது ‘250இ000’ ஆகிவிடும். இலங்கைத் தமிழ்ச் செய்தித் தளங்களில் இதைப் பலரும் கண்டிருப்பார்கள். ஈட்டு உறுதியில் இப்படி நேர்ந்தால் சின்ன விஷயமில்லை. தொகை, திகதி, வழக்கு இலக்கம், ஆங்கிலப் பெயர்கள் ஆகியவற்றை மாற்றிய பிறகு மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

அனுப்புமுன், வேர்டின் சேமிப்புத் தெரிவுகளில் எழுத்துருவைக் கோப்புக்குள் உட்பொதிக்கலாம், அல்லது பிடிஎஃப் ஆக்கலாம். பிடிஎஃபின் ஆவணப் பண்புகளில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் உட்பொதிந்திருக்கிறதா என்பது தெரியும். அச்சுக்கு இது போதும். தேடலுக்குப் போதாது: பாமினி பிடிஎஃப் கண்ணுக்குச் சரியாக இருந்தாலும், ‘சாட்சி’ என்று யூனிகோடில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பல வருடம் வைத்திருக்க வேண்டிய வழக்கேடுகளுக்கு யூனிகோட் பிரதி ஒன்றையும் சேர்த்தே சேமியுங்கள்.