தடித்த தொழிலகப் பாணி எழுத்துரு

தடித்த தொழிலகப் பாணி எழுத்துரு என்பது பெயர்ப்பலகை, தலைப்பு, சுவரொட்டி, இயந்திரத் தகடு போன்றவற்றில் தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி வடிவமைக்கப்படும் எழுத்துரு வகையாகும். இது காட்சி எழுத்துரு என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தது. நூலின் உள்பக்கங்களைத் தொடர்ந்து வாசிப்பதற்கு உரியதன்று. இலத்தீன் எழுத்துகளுக்காகத் தோன்றிய இப்பாணியைத் தமிழில் அமைக்கும்போது கோடுகளைத் தடிப்பாக்கினால் மட்டும் போதாது. எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தையும் காக்க வேண்டும். திண்டுக்கல் என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டே இதை எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

தோற்றமும் பின்னணியும்

இவ்வகை எழுத்துகளில் கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிமனில் இருக்கும். முனைகளில் அலங்காரக் கொடுக்குகள் இரா. வளைவுகள் சதுரத்தை ஒட்டி அமையும். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி குறைவு. இங்கிலாந்தில் கொடுக்கில்லாத அச்செழுத்து 1816-இல் வில்லியம் காஸ்லனின் அச்சுவார்ப்பகத்தில் முதன்முதலாக வெளிவந்தது. செருமனியில் பொறியியல் வரைபடங்களுக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கும் உரிய டின் 1451 என்னும் எழுத்துத் தரம் 1936-இல் நடைமுறைக்கு வந்தது. கணினிகளில் பரவலாகக் காணப்படும் இம்பாக்ட் எழுத்துருவை ஜெஃப்ரி லீ வடிவமைத்தார். அது 1965-இல் வெளியானது.

தமிழ் எழுத்தில் எழும் சிக்கல்

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அனைத்தும் ஒரே உயரமுடையவை. அவற்றுள் பல நேர்கோடுகளால் ஆனவை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. சுழிகளும் மேல்கீழ்க் குறிகளும் மிகுதி. 'திண்டுக்கல்' என்பதை ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கலாம்.

தி: விசிறி எழுத்துக்கு மேலே வளைகிறது. எனவே வரியின் மேல்புறம் இடம் தேவை.

ண்: மூன்று சுழி எழுத்து. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிகளின் உள்ளிடம் அடைபடும். அப்போது இரண்டு சுழி னகரத்திலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். 'பணி' என்பது 'பனி'யாகப் படிக்கப்படலாம்.

டு: டகரம் ஒரு நிலைக்கோடும் ஒரு கிடைக்கோடும் மட்டுமே கொண்டது; தொழிலகப் பாணிக்கு மிகவும் இசைவானது. உகரம் சேரும்போது வளைவும் வந்துவிடுகிறது.

க், க: கோடுகள் குறுக்கிடும் இடத்தில் கருமை திரளும். அவ்விடத்தில் கோட்டைச் சற்று மெலிதாக்குவது வடிவமைப்பாளர்களின் வழக்கம்.

ல்: புள்ளி உடலோடு ஒட்டிவிட்டால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும்.

இவை தவிர, ஒற்றைக்கொம்பும் இரட்டைச்சுழிக் கொம்பும் வேறுபடுவது ஒரு சுழியால்தான். அந்தச் சுழி அடைபட்டால் 'கேடு' என்பது 'கெடு'வாகத் தெரியும். ரகரத்தின் கீழ்க்கோட்டை அளவுக்கு மீறிக் குறைத்தால் அது துணைக்கால் போல ஆகிவிடும்.

1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்களை மாற்றியது. சிக்கலான சில வளைவுகள் நீங்கியதால் தடித்த எழுத்து வடிவமைப்பும் ஓரளவு எளிதாயிற்று.

பயன்பாடுகள்

கடைப்பலகை: தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்பது அரசின் நெறிமுறை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு போன்ற இரும்புப் பொருள்களை விற்கும் கடைகளுக்கு உறுதியைக் காட்டும் கனத்த எழுத்து பொருத்தமாக அமையும்.

சாலையும் பேருந்தும்: திண்டுக்கல் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநர் பலகையைப் படிக்கச் சில நொடிகளே கிடைக்கும். இங்கு மிகத் தடித்த எழுத்தைவிட, நடுத்தரத் தடிமனும் திறந்த சுழிகளும் கொண்ட எழுத்தே பயன்படும்.

சாக்கும் பெட்டியும்: தகட்டில் எழுத்தை வெட்டி, அதன்மேல் மை பூசும் ஸ்டென்சில் முறையில் சுழியின் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். அதைத் தாங்கச் சிறு இணைப்புகளை விட்டே வெட்ட வேண்டும். எழுத்தில் தெரியும் அந்த இடைவெட்டுகளே பின்னர் தொழிலகப் பாணியின் அடையாளங்களுள் ஒன்றாயின.

கிடைக்கும் எழுத்துருக்கள்

கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் தமிழ் ஒருங்குறி எழுத்துருக்களுள் கட்டமரான் 9 தடிமன்களைக் கொண்டது. அனேக் தமிழ் எழுத்துருவில் தடிமனோடு அகலத்தையும் மாற்றலாம். குறுகிய பலகைகளுக்கு இது ஏற்றது. பலூ தம்பி கனமானது எனினும், அதன் உருண்ட முனைகள் இறுக்கமான தொழிலகத் தோற்றத்தைவிட விளையாட்டுத் தன்மையையே தருகின்றன.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்குக் கணினியில் 'போல்டு' கொடுத்தால், மென்பொருள் கோடுகளை வெளிப்புறமும் உட்புறமும் ஊதிப் பெருக்கும். ஃபிளெக்ஸ் பலகைகளில் சுழிகள் அடைபட்டுக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். எழுத்துருவோடு வடிவமைக்கப்பட்ட தடித்த வடிவத்தையே பயன்படுத்த வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் பணி, பனி, கெடு, கேடு, கல், கல ஆகிய சொற்களை அதே எழுத்துருவில் எழுதி, பலகை பார்க்கப்படும் தொலைவிலிருந்து படித்துப் பார்ப்பது எளிய சோதனை. சொற்கள் குழம்பினால் தடிமனை ஒரு படி குறைக்கலாம், அல்லது எழுத்தின் அளவைக் கூட்டலாம்.